பாதியில் எழுந்து போகும் மேக்ரோ

“உக்காரு தம்பி” என்றார் அண்ணி.

“நின்னுக்கறேனே அண்ணி. காலுக்கு நல்லது.”

எனக்காகக் காத்திருந்தது ஒரு சுழல் நாற்காலி. முதுகுத் துணி நைந்து, உட்காரும் இடத்தில் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்த ஆள் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். அவருடைய மகளைத் தவிர வேறு யாரும் அதில் உட்காருவதில்லை என்று உள்ளே நுழைந்ததுமே எங்களிடம் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் காதில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னால் எந்த மனிதன் உட்காருவான்?

அண்ணி என் அண்ணன் மனைவி. காணாமல் போனவர்களைத் தேடிப் பிடிப்பது அவர் தொழில். நான் கணினி பழுது பார்க்கும் கடையில் இருந்தேன். என் வாய்த்துடுக்கு தாங்காமல் முதலாளி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அண்ணிக்கு உதவியாளன்.

பெரிய ஆஸ்பத்திரி, மேல்மாடியில் ஒரு மூலை அறை. நாலு மேசை, வெளிச்சம் போதாத ஒரு ஜன்னல், எப்போதும் மருந்து வாடை. மாற்று சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல் இங்கேதான் தினமும் தயாராகிறது. காலையில் வரும் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் போட்டு, ஒரு பட்டனை அமுக்கினால் போதும், வரிசை தானாக மாறி அமையும். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருப்பதுதான் மேக்ரோ. மனிதன் மாங்கு மாங்கென்று செய்கிற வேலையைக் கணினியே செய்துகொள்ள எழுதிவைத்த உத்தரவு. எழுதியவர் இறந்துபோன அந்த மனிதர். ஆஸ்பத்திரி முழுக்க அவரைப் பட்டியல் சார் என்றே கூப்பிட்டார்களாம்.

அவர் மேசையில் இப்போது அவர் மகள். எல்லாக் கணினியிலும் ஒழுங்காக ஓடுகிற மேக்ரோ இவள் கணினியில் மட்டும் பாதியில் படுத்துவிடுகிறது.

“காணாம போனவங்களைக் கண்டுபிடிப்பீங்கன்னு சொன்னாங்க மேடம்” என்றாள் மகள். ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. “எங்கப்பா போயிட்டாரா, இல்ல இன்னும் இங்கதான் இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க. இருக்காருன்னா நான் இன்னைக்கே வேலையை விட்டுடறேன்.”

“ஏம்மா அப்படி?”

“நான் இங்க உக்காரறது அவருக்குப் பிடிக்கல. உயிரோட இருந்தப்பவும் பிடிக்காது. சாப்பாடு கொண்டு வந்தாக்கூட வாசல்லயே வாங்கிட்டு அனுப்பிடுவாரு. ஒரு நாள்கூட இந்த ரூமுக்குள்ள விட்டதில்ல. இந்த வேலைக்கு எழுதிப் போட்டதே அவரு போன பிறகுதான்.”

அவளுக்கு அம்மா கிடையாது. சின்ன வயதிலேயே ஒரு விபத்தில் போய்விட்டாளாம். அப்பா ஒருவர்தான் உலகம், அந்த உலகமும் இப்படிக் கதவைச் சாத்தினால் பிள்ளை எங்கே போகும்?

“ஓட்டிக் காட்டு” என்றார் அண்ணி.

மகள் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பட்டியல் சார் இந்த வித்தையைப் பள்ளியில் படித்தவர் இல்லை, தானாகக் கற்றவர். அதனால் அவர் மேக்ரோ ஒவ்வொரு வரிசையையும் கண்ணுக்குத் தெரியத் தொட்டுத் தொட்டுத்தான் இறங்கும். விசைப்பலகையில் யார் கையும் இல்லை. ஆனால் யாரோ விரல் வைத்துப் படிப்பதைப் போல திரையில் வரிசையைச் சுட்டும் கட்டம் ஒவ்வொரு வரிசையாக இறங்கியது. திடீரென்று ஓர் இடத்தில் நின்றது. அங்கே சற்று நேரம் யோசித்தது. பிறகு கோப்பு மூடிக்கொண்டது, செயலியும் மூடிக்கொண்டது. இருண்ட திரையில் மகளின் முகம் மட்டும் தெரிந்தது.

“ஏசி கொஞ்சம் ஜாஸ்தி” என்றேன்.

“ஏசி ஓடல சார்.”

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மறுபடி திற. ஏதாவது கேக்குதா?”

மகள் திறந்தாள். “ஒண்ணும் கேக்கலையே மேடம்.”

“தம்பி, பாதியில செத்த ஃபைலைத் திறந்தா என்ன பண்ணும்?”

“ஒப்பாரி வைக்கும் அண்ணி. ‘போன தடவை திடீர்னு நின்னுட்டேன், மிச்சம் மீதியை மீட்டுத் தரட்டுமா’ன்னு ஓரத்துல ஒரு கட்டம் வரும்.” சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஓரத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

இத்தனைக்கும் நான் கணினிக்காரன். அண்ணிக்கு ஒரு மெயில் அனுப்பவே என் தயவு வேண்டும்.

“ரோட்டுல விழுந்து செத்தவன் செருப்பு எங்கயோ கிடக்கும்” என்றார் அண்ணி. “வீட்டை விட்டுக் கிளம்பினவன் செருப்பை மாட்டிட்டுத்தான் போவான். இது சாகல. ஒழுங்கா எல்லாத்தையும் மூடி வச்சுட்டு எழுந்து போகுது. அப்படின்னா யாரோ போகச் சொல்லியிருக்காங்க.”

மகளின் உதடு ‘அப்பா’ என்று அசைந்தது.

மேக்ரோவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பட்டியல் சார் அதற்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார். சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரை வரவழைத்தோம். எப்போதும் தோளில் கேபிள் சுற்றிக்கொண்டு அலைவதால் அவருக்கு ஒயர் என்று பெயர். வாசற்படியைத் தாண்டாமலே பேசினார்.

“நான் பண்ணாதது எதுவும் இல்ல மேடம். எல்லாத்தையும் அழிச்சு மறுபடி போட்டேன். இவங்க பாஸ்வேர்டோட வேற சீட்டுல உக்காந்தா ஓடுது. வேற யாராவது வந்து இந்த சீட்டுல உக்காந்தா ஓடல. சரி, பெட்டியிலதான் கோளாறுன்னு புது மெஷினே கொண்டு வந்தேன். அட்டைப்பெட்டியை நானே பிரிச்சேன். அதுலயும் அதே கதை. அன்னைலருந்து துணைக்கு ஆள் இல்லாம இந்த ரூமுக்கு வர்றதில்ல.”

“உள்ள வாங்க, கடிக்காது” என்றேன் நான், நாற்காலியிலிருந்து எட்டி நின்றபடி.

அண்ணி கேட்டார். “புது மெஷினுக்குப் பழைய மெஷின்ல இருந்து என்னென்ன கொடுத்தீங்க?”

“எதுவும் கொடுக்கல மேடம். கீபோர்டு, மவுஸ், ஒயர்கூட புதுசு.”

“நல்லா யோசிங்க. ஒரு சின்ன விஷயம்கூடவா?”

ஒயர் பிடரியைச் சொறிந்தார். “பேரு மட்டும் மேடம். ஒவ்வொரு மெஷினுக்கும் நெட்வொர்க்ல ஒரு பேரு இருக்கும். பிரிண்டர், சர்வர் எல்லாம் அந்தப் பேரைத்தான் தேடும். புதுப் பேரு வச்சா ஒவ்வொரு இடமா போய் மாத்தணும். அதான் பழைய பேரையே... சோம்பேறித்தனம்தான் மேடம்.”

“தம்பி, பேரை மாத்து.”

அந்த வேலையை நின்றுகொண்டே செய்ய முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளம் என்னைவிடப் பெரிய ஆளுக்கானது. வாய்க்கு வந்த ஒரு பெயரை வைத்து, கணினியை அணைத்து மறுபடி போட்டு, பட்டியலின் நகல் ஒன்றை எடுத்துப் பட்டனை அமுக்கினேன். கட்டம் இறங்கியது. நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் போய், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு அடங்கியது.

ஒயர் உள்ளே வந்துவிட்டார். “அட, என் சோம்பேறித்தனம்தானா பேய்?”

நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. முகம் முன்னைவிட வெளுத்திருந்தது.

“அப்போ நிஜமாவே அப்பாதான். இந்தப் பேரு இருக்கற மெஷின்ல ஓடாதேன்னு அவரே எழுதி வச்சிருக்காரு” என்றாள். “ஆவின்னா அழுது கெஞ்சியிருப்பேன் மேடம். இது அவரு நல்லா இருக்கும்போது யோசிச்சு எழுதினது.”

எங்கள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில் எந்த மகளால் குடியிருக்க முடியும்? அவள் மேசை மேலிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“பையை அப்புறம் கட்டலாம்” என்றார் அண்ணி. “தம்பி, பழைய பேரையே திரும்ப வை. எந்தக் கதவுன்னு தெரிஞ்சுபோச்சு. யாருக்காகச் சாத்தினாருன்னு தெரியலையே. ஏம்மா, தினமும் எந்த வரிசையில நிக்குது?”

“அது மாறிக்கிட்டே இருக்கும் மேடம். ஒரு நாள் நடுவுல, ஒரு நாள் கீழ. இப்ப கொஞ்ச நாளா மேல.”

“நான் இடத்தைக் கேக்கல. அந்த இடத்துல யாரு இருக்காங்க?”

மகள் விழித்தாள். அதை யாருமே பார்த்ததில்லை. ஆனால் பார்க்க வழி இருந்தது. கோளாறு வரும்போதெல்லாம் ஒயருக்குக் காட்டுவதற்காகத் திரையை ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தாள். கோளாறு வந்த ஆபீஸில் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஒவ்வொரு வீடியோவாக ஓட்டி, கட்டம் நிற்கும் இடத்தில் நிறுத்தினோம். பட்டியலில் பெயர் இருக்காது, நோயாளி எண் மட்டும்தான். வரிசை மாறியிருந்தது, தேதி மாறியிருந்தது. கட்டம் நின்ற எண் மட்டும் ஒவ்வொரு வீடியோவிலும் ஒன்றேதான்.

“இந்த நம்பரா?” மகள் திரையை நெருங்கிப் பார்த்தாள். “இவரு காலையில இருந்து ஃபோனை எடுக்கல மேடம்.”

“எதுக்கு ஃபோன்?”

“பட்டியல்ல மேல வந்துட்டவங்களைத் தினமும் கூப்பிட்டுக் கேக்கணும். திடீர்னு உறுப்பு வந்தா வர முடியுமான்னு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கலைன்னா ‘தொடர்பில் இல்லை’ன்னு டிக் போட்டுடுவோம். நேரா அடிக்குப் போயிடுவாங்க. இன்னும் ஒரு தடவை பாத்துட்டு இவருக்கும் போடணும்.”

“போட்டா யாராவது ஏன்னு கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்க. விதி அதுதானே.”

எனக்குள் விளக்கு எரிந்தது. “அண்ணி, கேஸ் முடிஞ்சுது! இது பட்டியல் சாரோட சொந்தக்காரர். பாசத்துல எங்க தன் கையாலயே மேல தூக்கி விட்டுடுவோமோன்னு பயந்து, தன் மெஷினுக்குத் தானே பூட்டு போட்டிருக்காரு. நல்ல மனுஷன்!”

“எங்களுக்கு அப்படிச் சொந்தம் யாரும் இல்ல சார்” என்றாள் மகள்.

விளக்கு அணைந்தது.

அப்போதுதான் பக்கத்து மேசைப் பெண்மணி எழுந்து வந்தார். காலையிலிருந்து தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர். மகளின் பட்டியலைத் தினமும் தன் கணினியில் ஓட்டிக் கொடுக்கிறவரும் அவர்தான்.

“ஒரு விஷயம் சொல்லணும்” என்றார். “அவரு இருந்தப்பவே அது அந்த மெஷின்ல ஓடாது.”

அறையில் எல்லோரும் திரும்பினோம்.

“வருஷக்கணக்கா தினமும் நான்தான் பட்டனை அமுக்குவேன். மேல இருக்கற சிலருக்கு ஃபோன் பண்றதும் நான்தான். ‘என் மெஷின் சரியில்லம்மா, யார்கிட்டயும் சொல்லாதீங்க’ன்னு கேட்டுக்கிட்டாரு.”

“இவ்வளவு நாளும் ஏன் மேடம் சொல்லல?” மகளின் குரல் உடைந்தது. “எங்கப்பாவே என்னை விரட்டறாருன்னு இந்த ரூமே பேசிச்சு. நீங்க கேட்டுட்டுதானே இருந்தீங்க?”

“பயம்மா. அவரு வேலையை நான் செஞ்சேன்னு தெரிஞ்சா என்னையும் சேர்த்துக் கேள்வி கேப்பாங்கன்னு பயம். என்னை மன்னிச்சுடும்மா.”

அண்ணி மெல்ல மகளின் தோளைத் தொட்டார். “கேட்டியா? உன்னை யாரும் விரட்டல. நீ வர்றதுக்கு முன்னாடியே போட்ட பூட்டு இது. தன்னைத்தான் பூட்டிக்கிட்டாரு.” பிறகு பெண்மணியிடம் திரும்பினார். “அந்த நம்பர்காரரை எங்க பாக்கலாம்?”

“கீழதான். டயாலிசிஸ் இன்னைக்கு அவருக்கு.”

அண்ணி மகளை அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். கை முழுக்க நரம்பு முடிச்சுகள். பக்கத்தில் ஃபோன். தவறிய அழைப்புகள் திரையில் வரிசையாக நின்றன. கன்னம் ஒட்டிப்போய், வயதை யூகிக்க முடியாத முகம்.

எங்களைப் பார்த்ததும் அவரே கேட்டார். “மாடியில இருந்து வர்றீங்களா? என் நம்பரை எடுத்துட்டாங்களா?”

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏன் எடுக்கணும்?”

“ஃபோனை எடுக்கலைன்னா கீழ போயிடும்னு சொன்னாங்க. அதான் எடுக்கல.”

“சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

அவர் தாழ்வாரத்தின் மறுமுனையைப் பார்த்தபடி பேசினார்.

“நான் வேன் ஓட்டிட்டு இருந்தவன்மா. ராப்பகலா ஓட்டுவேன். ஒரு நாள் காலையில கண்ணு அசந்துட்டேன். ரோட்டோரத்துல ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்க. கையில பள்ளிக்கூடப் பை. பிள்ளையோடது. பிள்ளை கொஞ்சம் பின்னாடி வந்துட்டு இருந்துச்சு. கண்ணை முழிச்சப்ப அந்தப் பைதான் கண்ணாடியில கிடந்துச்சு. இன்னைக்கும் கண்ணை மூடினா அதுதான் கிடக்குது.”

பஞ்சை மாற்றி அழுத்திக்கொண்டார்.

“ஜெயிலுக்குப் போனேன். கிட்னி அங்கயே போச்சு. வெளிய வந்து இங்க பதிவு பண்ண வந்தா, மேசைக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாவோட வீட்டுக்காரர் உக்காந்திருக்காரு.”

எனக்கு முதுகு சில்லிட்டது. இந்த முறை ஏசி மேல் பழி போடத் தோன்றவில்லை.

“என்ன சொன்னாரு?” என்றார் அண்ணி.

“ஒண்ணும் சொல்லல. எழுந்து வெளிய போனாரு. ரொம்ப நேரம் கழிச்சு மூஞ்சியைக் கழுவிட்டு வந்தாரு. ‘ஐயா, என்னை எழுதாதீங்க’ன்னு நானே சொன்னேன். ‘எழுதறது என் வேலை. எழுதிடறேன். ஆனா இனிமே உன் நம்பரை என் கை தொடாது. மேல ஏத்தவும் ஏத்தாது, கீழ இறக்கவும் இறக்காது. என் கையை நான் நம்பல’ன்னாரு.”

அண்ணி கண்களை மூடிக்கொண்டார். நான் என் முட்டாள்தனத்தை நினைத்துக்கொண்டேன். பாசத்தில் தூக்கி விடுவோமோ என்று பயந்தாராம்! தினமும் அந்த எண்ணுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரே ஒரு டிக்கில் முடிந்துபோகும் காரியத்தைச் செய்யாமல் தன் விரலைத் தானே கட்டிப்போட்டிருக்கிறார் அந்த மனிதர். மகளை அறைக்குள் விடாததும் ஏன் என்று இப்போது புரிந்தது. இந்த ஆள் எந்த நேரத்திலும் அந்த அறைக்கு வரக்கூடியவர்.

“நேத்து வரைக்கும் ஃபோன் வந்தா எடுத்தேன்” என்றார் அவர். “வேற யாராவது பேசுவாங்க. அவரே போயிட்டாருன்னு நேத்துதான் தெரிஞ்சுது. அவரு சம்சாரமும் இல்லாம, அவரும் இல்லாம, நான் மட்டும் இருந்து என்ன பண்ண?”

நான் நிமிர்ந்தேன். தூணுக்குப் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை. எனக்குப் பயமாக இருந்ததே அதனால்தான். அவள் திரும்பி மாடிப்படிப் பக்கம் நடந்தாள்.

“அண்ணி!” என்றேன். “மேல போய் டிக் போட்டுட்டா? விதிப்படி சரிதானே! யாரும் கேக்கக்கூட மாட்டாங்க!”

“விடு தம்பி.”

“ஒரு உயிரு அண்ணி!”

“அவளுக்கும் ஒரு உயிரு போயிருக்கு. அவ கையை நாம பிடிக்கக் கூடாது.”

செருப்புச் சத்தம் படிக்கட்டில் மறைந்தது. பெஞ்சில் இருந்தவருக்கு நடந்தது எதுவும் தெரியாது, அவர் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பெஞ்சின் மேல் ஃபோன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி எண். அவர் பார்த்தார், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. இப்போதும் எடுக்கவில்லை.

“எடுங்க ஐயா” என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

மாடிப்படியில் மறுபடி செருப்புச் சத்தம், இந்த முறை இறங்கி வந்தது. அலுவலக செல்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு மகள் வந்தாள். அவர் முன்னால் வந்து நின்றாள். பெஞ்சில் ஃபோன் மூன்றாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தது.

“எடுங்க” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் எதையோ அடையாளம் கண்டுவிட்டார், பஞ்சு கையிலிருந்து நழுவியது. “நீங்க... அந்தப் பிள்ளை...”

“ஆமா. எடுங்க.”

அவர் எடுத்துக் காதில் வைத்தார். ஒரு கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நின்றுகொண்டு அவள் ஃபோனுக்குள் பேசினாள்.

“மாற்று உறுப்புப் பட்டியல் அலுவலகத்துல இருந்து பேசறோம். உங்க எண் மேல வந்திருக்கு. கூப்பிட்டா வர்றதுக்குத் தயாரா இருக்கீங்களா?”

அவருக்குக் கண்ணீர் மட்டும் வழிந்தது.

“பதில் சொல்லணும்” என்றாள். இப்போதுதான் அவள் குரலும் தழுதழுத்தது. “நீங்க சொல்லலைன்னா நான் டிக் போட வேண்டியிருக்கும். என்னை அதைச் செய்ய வைக்காதீங்க.”

“ஆமா” என்றார் அவர். காற்று மாதிரி வந்தது அந்த வார்த்தை. “தயாரா இருக்கேன்மா.”

“குறிச்சுக்கிட்டேன்.”

அழைப்பைத் துண்டித்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டுக்குத் திரும்பியவள் நின்று, அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

“நாளைக்கும் நான்தான் கூப்பிடுவேன். முதல் மணியிலயே எடுங்க.”